ஏஜென்ட் ஒப்பந்தம் கையில் இருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

#1 குரல்வளை

ஒன்பது பக்க ஒப்பந்தம் ஒன்று மூன்று நாளாக என் மேசையில் கிடக்கிறது. பன்னிரண்டு வருடமாக மேடை நாடகத்திலும் பின்னணிக் குரலிலும் இருப்பவன் நான். இதுவரை கிடைத்த வேலையெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டு வந்தவைதான். இப்போது நடுத்தரமான ஓர் ஏஜென்சி என்னைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறது.

கமிஷன் பத்து சதவீதம். காலம் மூன்று வருடம். நாடகம், சினிமா, தொடர், விளம்பரம், குரல் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் வரவேண்டும். போதாததற்கு "இனி தோன்றக்கூடிய எல்லா ஊடகங்களும்" என்று ஒரு வரி. நானே தேடிக்கொண்ட வேலையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. பதினோராவது விதிதான் என்னைத் தூங்க விடவில்லை. ஒப்பந்தக் காலத்தில் ஆரம்பித்த வேலைகள், "அவற்றின் நீட்டிப்புகள், தொடர்ச்சிகள்" ஆகியவற்றிலிருந்து வரும் பணத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே பத்து சதவீதம். எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை.

பன்னிரண்டு வருடம் தனியாக ஓட்டியவனுக்கு இப்போது எதற்கு ஏஜென்ட் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடமும் பதில் இல்லை. உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிழலாட்டம்

வேண்டாம்.

நான்கு வருடம் ஓர் ஏஜென்டிடம் இருந்தேன். அவர் மூலமாக வந்த ஆடிஷன்கள் பதினான்கு, எண்ணி வைத்திருக்கிறேன். அவற்றில் கிடைத்த வேலை இரண்டு. நானாகப் போய்க் கதவைத் தட்டி வாங்கியது ஒன்பது. எல்லாவற்றிலும் அவருடைய பங்கு போனது. கேட்டதற்கு, "நீங்கள் என் பட்டியலில் இருப்பதால்தான் கதவைத் திறக்கிறார்கள்" என்றார். கதவைத் திறந்தவரிடமே பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு என் ஏஜென்டின் பெயரே தெரியவில்லை.

#3 தபாலறை

நிழலாட்டம் சொல்வது நடக்கும். நான் பார்த்தும் இருக்கிறேன். ஏழு வருடம் ஓர் ஏஜென்சியில் இருந்தேன். தபால் பிரிக்கும் மேசையில் ஆரம்பித்து உதவியாளராக முடித்தேன். (1898-இல் தொடங்கிய வில்லியம் மாரிஸ் நிறுவனத்தில் ஏஜென்ட் ஆக ஆசைப்பட்டவர்கள் தபாலறையிலிருந்து மேலே ஏறி வந்தது ஊரறிந்த மரபு. என் புனைபெயர் அங்கிருந்து வந்தது.)

ஏஜென்ட் என்றால் வேலை தேடித் தருபவர் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தேடுவது அந்த வேலையில் ஒரு பகுதி, அதுவும் இப்போது சுருங்கிவிட்ட பகுதி. அமெரிக்காவில் கேரி மார்ஷ் என்ற இளைஞர், ஏஜென்டாக இருந்த தன் தாய்க்காக ஸ்டூடியோக்களுக்குப் போய்த் திரைக்கதைகளைப் படித்து, எந்தப் பாத்திரத்துக்கு எப்படிப்பட்ட ஆள் தேவை என்று குறிப்பெடுத்துக்கொண்டு வருவார். மற்ற ஏஜென்ட்களும் அந்தக் குறிப்புகளைக் கேட்கவே, 1971-இல் அதையே தொழிலாக்கினார். அந்தக் குறிப்புக்குப் 'பிரேக்டவுன்' என்று பெயர். ஒரு காலத்தில் அது கையில் இருந்தவருக்குத்தான் வாசல் தெரியும். இன்று அது இணையத்தில் வருகிறது. ஒரு சின்னப் பாத்திரத்துக்கு அறிவிப்பு வந்தால் மாலைக்குள் ஆயிரக்கணக்கில் பெயர்கள் குவிகின்றன. தேர்வு செய்கிறவர் முதலில் பார்ப்பது, தான் நம்பும் நான்கைந்து ஏஜென்ட்கள் அனுப்பிய பெயர்களை. மீதியைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் நான் அந்த ஏழு வருடத்தில் கற்றது வேறு. ஒரு நடிகைக்குத் தொடரின் இரண்டாம் பருவத்துக்குச் சம்பளம் பேசிக்கொண்டிருந்தோம். தயாரிப்புத் தரப்பு போனில் ஒரு தொகை சொன்னது. அந்தத் தொகைக்கே நடிகை தயார். அன்று காலையில்தான், "எப்படியாவது முடித்துவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். என் முதலாளி தொகையைக் கேட்டார். எதுவும் பேசவில்லை. எதிரில் இருந்த காகிதத்தில் ஒரு சதுரம் வரைந்தார். அதற்குள் இன்னொரு சதுரம். எதிர்முனையில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று இவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கூப்பிடவில்லை. அவர்கள் இரண்டு முறை கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தொகை கால் பங்கு ஏறியிருந்தது.

அந்த இரண்டு நாளும் நடிகை எங்களைத் திட்டித் தீர்த்திருப்பார். அவரே பேசியிருந்தால் முதல் நிமிடத்திலேயே "சரி" என்றிருப்பார். தனக்காகத் தானே பேரம் பேசும்போது யாருக்கும் அந்த மௌனம் வராது. பத்து சதவீதம் அதற்குத்தான்.

#4 வாசற்படி

மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும், குறுக்கே வருகிறேன். சின்னச் சின்னக் காணொளிகள் செய்து வெளியிடுகிறேன், பார்ப்பவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். ஏஜென்ட், மேனேஜர், காஸ்டிங் டைரக்டர் எல்லோரும் ஒருவரேதானா, வேறு வேறா? என்னை ஒருவர் தொடர்புகொண்டு, பதிவுக்கட்டணம் கட்ட வேண்டும், அவர் சொல்லும் ஸ்டூடியோவில் புகைப்படத் தொகுப்பு எடுக்க வேண்டும் என்கிறார். கட்டலாமா?

#5 நிழலாட்டம்

ஓடுங்கள். திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள்.

#6 சட்டப்புள்ளி

வாசற்படி, ஓடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஓடுங்கள்: ஏஜென்டுக்கு வருமானம் உங்கள் வருமானத்திலிருந்து வரவேண்டும், உங்கள் பையிலிருந்து அல்ல. நீங்கள் சம்பாதிக்கும் முன்பே ஒருவர் சம்பாதித்துவிட்டால், அதன் பிறகு உங்களுக்கு வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஹாலிவுட் இருக்கும் கலிபோர்னியாவில் நடிகர்களுக்கு வேலை பிடித்துத் தருபவர் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பதிவுக்கட்டணம் வாங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது.

காஸ்டிங் டைரக்டர் தயாரிப்பாளரின் ஆள். அவர் உங்களுக்காகப் பேசுபவர் அல்ல. எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அல்ல. ஏஜென்ட் வேலைவாய்ப்பைப் பிடித்து ஒப்பந்தம் பேசுபவர். ஒரே நேரத்தில் பலரைக் கவனிப்பார். மேனேஜர் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது, எந்த நாளில் கால்ஷீட் தருவது என்று வழிநடத்துபவர். பெரும்பாலும் 15 சதவீதம்.

இந்த எல்லைக்கோடு காகிதத்தில்தான் தெளிவாக இருக்கிறது. ஏஜென்டுக்கு உரிமம் வேண்டும், மேனேஜருக்கு வேண்டாம், ஆகவே மேனேஜர் வேலை பிடித்துத் தரக்கூடாது என்பது கலிபோர்னியச் சட்டம். நடைமுறையில் எல்லா மேனேஜரும் பிடித்துத் தருகிறார்கள். நடிகை ரோசா பிளாசி இதைச் சொல்லியே தன் மேனேஜர் நிறுவனத்துக்குக் கமிஷன் தர மறுத்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-இல் நீதிமன்றம் நடுவழியைப் பிடித்தது: சட்டம் மேனேஜருக்கும் பொருந்தும், ஆனால் சட்டத்தை மீறிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதி ஒப்பந்தத்தைக் காப்பாற்ற இடம் உண்டு. அதுவரை ஒரு வேலையை உரிமமில்லாமல் பிடித்துத் தந்தாலும் மொத்தக் கமிஷனும் போய்விடும் என்ற பயம் மேனேஜர்களுக்கு இருந்தது.

#7 நெறியாளர்

நிறுவனப் பெயர் சொல்லிச் சொந்தப் புகார் எழுத வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பேச்சு நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#8 பேரேடு

எல்லோரும் சதவீதத்தைப் பேசுகிறீர்கள், அது எந்தத் தொகையில் பிடிக்கப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் ஏஜென்சியில் கணக்குப் பார்த்தவன், எனக்கு இதுதான் முதல் கேள்வி.

தயாரிப்பாளர் தரும் காசோலை உங்களிடம் வராது, ஏஜென்சிக்கு வரும். அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். கலிபோர்னியாவில் அந்தப் பணம், ஏஜென்சியின் சொந்தப் பணத்தோடு கலக்காத தனி அறக்கணக்கில் (டிரஸ்ட் அக்கவுண்ட்) இருக்க வேண்டும், 30 நாளுக்குள் கலைஞருக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அது அவர்கள் வசதிப்படி என்று அர்த்தம்.

அடுத்து, பயணப்படி, தங்கும் செலவு, உடைச் செலவு இவற்றில் கமிஷன் பிடிக்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். அவை செலவுக்குத் திரும்பி வரும் பணம், சம்பளம் அல்ல. ஒரு நடனக் கலைஞரின் கணக்கில் பதினான்கு மாதம் பயணப்படிக்கும் சேர்த்துக் கமிஷன் பிடித்திருந்தோம். யாரும் சதி செய்யவில்லை. கணினியில் ஒரு கட்டத்தில் டிக் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அவர் ஒரு பென்சிலோடு வந்து உட்கார்ந்து, மாதாந்தரக் கணக்குத் தாளில் வரிசையாகச் சுழித்துக் காட்டினார். அதற்கு முன்னால் அந்தத் தாளை எங்களிடம் கொண்டுவந்து கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை. அனுப்பிய நாங்களும் படிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய நடிகர்களின் கணக்கு இன்னும் வேடிக்கை. நூறு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டுக்குப் பத்து. மேனேஜருக்குப் பதினைந்து. வக்கீலுக்கு ஐந்து. கணக்கைப் பராமரிப்பவருக்கு ஐந்து. வரி கட்டும் முன்பே கையில் அறுபத்தைந்துதான். தலைப்புச் செய்தியில் வரும் சம்பளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

#9 நிழலாட்டம்

பேரேடு ஐயா எழுதியதைப் படித்ததும் பழைய தாள்களைத் தேடி எடுத்தேன். பயணப்படியிலும் பிடித்திருக்கிறார்கள். நான்கு வருடமும். நன்றி, இன்றைய இரவுத் தூக்கமும் போயிற்று.

தபாலறைக்கு ஒரு கேள்வி. அந்த மௌனக் கதை அழகாக இருக்கிறது. ஆனால் அதே ஏஜென்சி தயாரிப்பாளரிடமும் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் உங்கள் முதலாளி சதுரம் வரைந்துகொண்டிருப்பாரா?

#10 தபாலறை

எங்கே தொடவேண்டுமோ அங்கேயே தொட்டுவிட்டீர்கள். வரைந்திருக்க மாட்டார். அல்லது வரைவதுபோல நடித்திருப்பார்.

இது பழைய நோய். எம்சிஏ என்ற நிறுவனம் 1924-இல் இசைக்குழுக்களுக்கு நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜென்சியாகத் தொடங்கியது. பிறகு ஹாலிவுட் நட்சத்திரங்கள் பலர் அதன் பட்டியலில் சேர்ந்தார்கள். ஏஜென்ட் தயாரிப்பாளராகவும் இருக்கக்கூடாது என்பது நடிகர் சங்கத்தின் விதி. 1952-இல் சங்கம் எம்சிஏவுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தயாரிக்கலாம், நடிகர்களுக்கு ஏஜென்டாகவும் இருக்கலாம். அப்போது சங்கத் தலைவர் ரொனால்டு ரீகன். அவரே எம்சிஏவின் வாடிக்கையாளர். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். பத்து வருடம் இப்படியே நடந்தது. 1962-இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்ட பிறகுதான் எம்சிஏ ஏஜென்சியைக் கைவிட்டுத் தயாரிப்பை வைத்துக்கொண்டது. எதில் பணம் அதிகம் என்பது அந்தத் தேர்விலேயே தெரிகிறது.

அதன் பிறகு வந்தது 'பேக்கேஜிங்'. எழுத்தாளர், இயக்குநர், நடிகர் என்று தன் பட்டியலில் இருப்பவர்களையே ஒரு பொட்டலமாகக் கட்டி ஏஜென்சி தொலைக்காட்சிக்கு விற்கும். அதற்குக் கூலி தொடரிலிருந்தே வரும். வழக்கமான கணக்கு 3-3-10: தொலைக்காட்சி தரும் உரிமத் தொகையில் மூன்று சதவீதம் உடனே, இன்னொரு மூன்று பிற்பாடு, லாபத்தில் பத்து.

#11 மறுபக்கம்

தபாலறை பாதியைச் சொல்கிறார். பேக்கேஜ் தொடர்களில் ஏஜென்சி தன் கலைஞர்களிடம் பத்து சதவீதம் பிடிக்காது. நான் எழுதிய முதல் தொடர் அப்படித்தான் வந்தது. பெயரில்லாத என்னை ஒரு பெரிய நடிகரின் வாலில் கட்டி உள்ளே இழுத்துவிட்டார்கள். கமிஷனும் பிடிக்கவில்லை. நான் எதற்குக் குறை சொல்ல வேண்டும்?

ஏஜென்ட்கள் இல்லாவிட்டால் கலைஞருக்கு லாபப்பங்கு என்ற பேச்சே இவ்வளவு தூரம் வந்திருக்காது. 1950-இல் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு அவர் கேட்ட சம்பளத்தைத் தர ஸ்டூடியோவால் முடியவில்லை. அவருடைய ஏஜென்ட் லூ வாசர்மன், சம்பளத்துக்குப் பதிலாகப் படத்தின் லாபத்தில் பங்கு வாங்கிக் கொடுத்தார். படம் ஓடியது, ஸ்டூவர்ட் சம்பளமாகக் கேட்டதைவிடப் பல மடங்கு வாங்கினார். ஹாலிவுட்டில் அதற்குப் பிறகு பேரம் பேசும் முறையே மாறியது. எம்சிஏவைத் திட்டும்போது இதையும் சொல்லுங்கள், அதே எம்சிஏதான்.

#12 தபாலறை

ஒப்புக்கொள்கிறேன், அதே எம்சிஏதான்.

கமிஷன் பிடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டீர்கள் அல்லவா, கோளாறே அங்கேதான் இருக்கிறது. உங்கள் சம்பளம் ஏறினால் ஏஜென்சிக்கு ஒரு காசும் கூடாது. தொடரின் செலவு குறைந்தால் லாபத்தில் அவர்களுடைய பத்து கூடும். உங்கள் சம்பளமும் செலவுதானே. அப்படியானால் உங்களுக்கு அதிகம் கேட்க அவர்களுக்கு என்ன முகாந்திரம்?

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் இதைத்தான் கேட்டது. 2019 ஏப்ரலில் 7,000-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் ஒரே மூச்சில் தங்கள் ஏஜென்ட்களை விலக்கிக் கடிதம் கொடுத்தார்கள். பல வருடம் குடும்ப நண்பரைப் போல இருந்தவர்களையும் சேர்த்துத்தான். பெரிய ஏஜென்சிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. சிஏஏ 2020 டிசம்பரில், கடைசியாக டபிள்யூஎம்ஈ 2021 பிப்ரவரியில். 2022 ஜூன் இறுதியோடு பேக்கேஜ் கூலி நிற்க வேண்டும், தயாரிப்பு நிறுவனத்தில் ஏஜென்சியின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று முடிந்தது. இவ்வளவும் எதற்கு? 'பழையபடி எங்களிடம் பத்து சதவீதமே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கேட்பதற்கு. கமிஷன் கொடுக்கிறேன் என்று போராடிய கூட்டத்தை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

#13 பேரேடு

லாபப்பங்கைப் பற்றி மறுபக்கம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத் திரைத் தளங்கள் வந்த பிறகு, தயாரிப்புச் செலவோடு ஒரு கூடுதல் தொகையை முன்கூட்டியே கொடுத்துக் கணக்கை முடித்துவிடும் வழக்கம் பரவியது. பிற்கால லாபம் என்று ஒன்று இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே பணம். 2021-இல் நடிகை ஸ்கார்லெட் ஜொஹான்சன் டிஸ்னி மேல் வழக்குப் போட்டது நினைவிருக்கும். திரையரங்க வசூலோடு அவருடைய வருமானம் பிணைந்திருந்தது. படத்தை அதே நாளில் தங்கள் இணையத் தளத்திலும் வெளியிட்டார்கள். ஜூலையில் வழக்கு, செப்டம்பர் முடிவதற்குள் சமரசம். அவருடைய ஏஜென்ட் வெளிப்படையாகவே நிறுவனத்தைக் கண்டித்து அறிக்கை விட்டார். அதே நிறுவனத்திடம் மறுநாள் வேறு பத்துக் கலைஞர்களுக்காகப் பேசப் போக வேண்டியவர் அவர். அந்தத் துணிச்சலுக்கு ஒரு பெரிய பட்டியலின் பலம் வேண்டும். நடுத்தர ஏஜென்சி அப்படிச் செய்யுமா என்பதைக் குரல்வளை யோசிக்கட்டும்.

#14 குரல்வளை

ஒரு வாரம் வேலையில் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் இழை ஆலமரமாக நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி.

என்னுடையது பெரும்பாலும் குரல் வேலை. "இனி தோன்றக்கூடிய எல்லா ஊடகங்களும்" என்ற வரி எனக்கு வேறு விதமாக உறுத்துகிறது. போன மாதம் ஒரு ஸ்டூடியோவில், வேலை முடிந்த பிறகு, அர்த்தமில்லாத வாக்கியங்கள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்து "சும்மா ஒரு பரிசோதனைக்கு" வாசிக்கச் சொன்னார்கள். எண்கள், மாதப் பெயர்கள், கோபமாக ஒரு முறை, சிரித்துக்கொண்டு ஒரு முறை. பாதியில் நிறுத்திவிட்டு வந்தேன். சரிதானா?

#15 சட்டப்புள்ளி

சரிதான். அந்தத் தாளை எடுத்து வந்திருந்தால் இன்னும் சரி.

2023-இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். முகத்தையோ குரலையோ கணினியில் நகலெடுத்துப் பயன்படுத்துவதற்கு நடிகரின் சம்மதம் வேண்டும், அதற்குப் பணமும் தர வேண்டும் என்பது உடன்பாட்டில் வந்தது. சங்க உடன்பாடு சங்கத்தோடு ஒப்பந்தம் உள்ள வேலைகளுக்குத்தான். மற்ற இடங்களில் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் பாதுகாப்பு. பெரிய ஏஜென்சிகள் இதை வியாபாரமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டன. சிஏஏ தன் கலைஞர்களின் உருவத்தையும் குரலையும் பதிவுசெய்து, அவர்கள் பெயரிலேயே பாதுகாத்து வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது.

ஆகவே இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ஏஜென்ட் ஒப்பந்தத்தில்: குரல் நகலுக்கு உங்கள் சார்பில் ஏஜென்சி சம்மதம் தர முடியாது, ஒவ்வொரு முறையும் உங்கள் கையெழுத்து தனியாக வேண்டும். தயாரிப்பாளர் ஒப்பந்தத்தில்: இந்தப் பதிவு இந்த வேலைக்கு மட்டும், கணினிக்குக் கற்பிக்கப் பயன்படுத்தக்கூடாது. இரண்டாவதை எழுதி வாங்குவது ஏஜென்டின் வேலை. அதைச் செய்ய மாட்டேன் என்பவருக்குப் பத்து சதவீதம் எதற்கு?

#16 வாசற்படி

ஓடிவிட்டேன். பதிவுக்கட்டணம் பாதியாகக் குறைந்திருக்கிறது என்று இன்று மறுபடி அழைத்தார்கள்.

இன்னொருவர் கட்டணமில்லை, ஆனால் விளம்பர வருமானத்தில் இருபது சதவீதம் என்கிறார். நடிகருக்குப் பத்து, எனக்கு மட்டும் ஏன் இருபது?

#17 பேரேடு

நடிகருக்குப் பத்து என்ற உச்சவரம்பு சங்கம் போராடி வாங்கியது. காணொளிக்காரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் பேசி வைத்த வரம்பு இல்லை. அதுதான் முழுப் பதில். இருபது பல இடங்களில் வழக்கம்தான். உங்களுக்கு நேரடியாக வரும் விளம்பரங்களை அதிலிருந்து விலக்கி வாங்குங்கள்.

#18 மறுபக்கம்

குரல்வளை, எல்லோரும் உள்ளே நுழைவதைப் பற்றியே பேசுகிறார்கள். நான் வெளியே வருவதைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களுக்குப் பிடித்தது ஏஜென்சியையா, அங்கே உள்ள ஒருவரையா? பெரும்பாலும் ஒருவரைத்தான். அவர் நாளைக்கு வேறு இடத்துக்குப் போனால்? சிஏஏ பிறந்ததே 1975-இல் வில்லியம் மாரிஸிலிருந்து ஐந்து பேர் வெளியேறி வந்ததால்தான். அதே சிஏஏவிலிருந்து 2015-இல் பத்துப் பேருக்கு மேல் கூட்டமாக யூடிஏ என்ற போட்டி ஏஜென்சிக்குப் போனார்கள், பெரிய நகைச்சுவை நடிகர்கள் பலரும் பின்னாலேயே போனார்கள். உங்கள் ஒப்பந்தம் ஏஜென்சியின் பெயரில் இருந்தால், உங்கள் ஆள் போன பிறகு முன்பின் தெரியாத ஒருவரின் பட்டியலில் அறுபத்தோராவது பெயராக உட்கார்ந்திருப்பீர்கள். "இன்னார் இந்த நிறுவனத்தை விட்டு விலகினால் நானும் விலகலாம்" என்ற ஒரு வரி போதும்.

காலக்கெடுவையும் விட்டுவிடாதீர்கள். பழைய ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் விஷயம் ஸ்டூடியோவோடு நடந்தது, ஏஜென்டோடு அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஏழு வருட ஒப்பந்தம். அவர் மறுத்த படங்களுக்காக இடைநீக்கம் செய்த நாட்களையெல்லாம் வார்னர் நிறுவனம் ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிக்கொண்டே போனது. அவருடைய வக்கீல், ஏழு வருடம் என்றால் நாட்காட்டியில் ஏழு வருடம்தான் என்று வாதாடி 1944-இல் ஜெயித்தார். கொரியாவில் ஏஜென்சியே பயிற்சி கொடுத்து, பாட வைத்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அங்கே டிவிஎக்ஸ்க்யூ என்ற பாட்டுக் குழுவின் மூன்று பேர் தங்கள் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-இல் நீதிமன்றம் போனார்கள். அந்த வருடமே அரசின் நியாய வர்த்தக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டது. அதில் உச்சவரம்பு ஏழு வருடம்.

உங்கள் பதினோராவது விதியை முழுவதும் எடுக்கச் சொல்லாதீர்கள், எடுக்க மாட்டார்கள். அவர்கள் பேசி முடித்த வேலையில் கொஞ்ச காலம் பங்கு கேட்பது நியாயமும்கூட. தேய்பிறையாக்குங்கள்: முதல் வருடம் பத்து, அடுத்த வருடம் ஐந்து, பிறகு ஒன்றுமில்லை. "தொடர்ச்சிகள்" என்ற சொல் மட்டும் போயே ஆக வேண்டும். புதிய பருவத்துக்குச் சம்பளம் பேசப்போவது உங்கள் புதிய ஏஜென்ட். இல்லாவிட்டால் ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குக் கமிஷன் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

#19 நிழலாட்டம்

இவ்வளவு எழுதிவிட்டீர்கள், இதையெல்லாம் ஏஜென்டிடம் கேட்டால் "அப்படியானால் வேண்டாம்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பேரம் பேசத் தெரிந்தவர்களிடம் போய்ப் பேரம் பேசச் சொல்கிறீர்கள்.

#20 தபாலறை

திரும்ப வாங்கிக்கொண்டால் நல்லது. தன் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றக் கேட்டதற்கே முகம் சுளிப்பவர், உங்களுக்காக இன்னொருவரின் ஒப்பந்தத்தில் பத்து வரி மாற்றக் கேட்பாரா? கையெழுத்துக்கு முன்னால் நடக்கும் இந்தப் பேச்சுதான் நீங்கள் அவருக்கு வைக்கும் ஆடிஷன்.

#21 குரல்வளை

நேற்றுப் போய் வந்தேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், கை கொஞ்சம் நடுங்கியது. மேடையில் கூட இப்படி நடுங்கியதில்லை.

பதினோராவது விதி தேய்பிறையானது. "தொடர்ச்சிகள்" என்பதை ஏஜென்ட் அம்மையார் தானே பேனாவால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். அவர் விலகினால் நான் விலகலாம் என்பதற்குச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். செலவுத் தொகைக்குக் கமிஷன் இல்லை, பணம் 30 நாளுக்குள். நானே தேடும் வேலையை விலக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. "தேடுவது நீங்கள், ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் படிக்கப்போவது நான்" என்றார். ஐந்து சதவீதத்தில் நின்றது. குரல் நகல் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார். அந்தப் பரிசோதனைத் தாளைப் பற்றி இரண்டு முறை விவரமாகக் கேட்டார். விதியை அவரே எழுதிச் சேர்த்தார், சட்டப்புள்ளி சொன்னதைவிட ஒரு வரி கூடுதலாக.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்று காலையில் போன் செய்து, ஆறு வருடமாக நான் குரல் கொடுக்கும் அந்தப் பழைய இடத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். எதிர்முனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. சதுரம் வரைகிறார் போலிருக்கிறது.

#22 நிழலாட்டம்

முதல் கணக்குத் தாள் வந்ததும் இங்கே வந்து எழுதுங்கள். பென்சிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.